கோவில்பட்டிக் காற்றில் ஒரு பழைய பேஸ் கிடார்

பழைய பேஸ் கிடார் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் வயதைக் கேட்பார்கள், அப்புறம் கம்பெனிப் பெயரை. கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ விளாத்திகுளத்திலோ குடியிருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் நட் எந்தப் பக்கம் இருக்கிறது, தலைப்பக்கமா, அடிப்பக்கமா? ஒரு கோடையும் ஒரு அடைமழையும் இந்தக் கருவியோடு இருந்து பார்த்துவிட்டேன். மற்ற குறைகளையெல்லாம் ஏதாவது ஒரு பட்டறையில் சரிசெய்துவிட முடிந்தது. இந்த ஒன்று மட்டும் மாதாமாதம் என்னை வேலை வாங்குகிறது.

என்னிடம் இருப்பது 1970களில் ஜப்பானில் செய்த ஜாஸ் பேஸ் நகல். தலையில் ஒட்டியிருந்த பெயர் உரிந்துபோய் பசைத்தடம் மட்டும் மிச்சம். நெக்கை உடலோடு பிடித்திருக்கும் தகட்டில் ‘ஜப்பான்’ என்ற பொறிப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஒரே கிடாரை யார் யாரோ கேட்ட பெயர்களில் ஒட்டி உலகம் முழுக்க அனுப்பின. ஃபெண்டர், கிப்சன் வடிவங்களை அப்படியே எடுத்துச் செய்தன. தரம் ஏற ஏற மூலக் கம்பெனிகளுக்கு உறுத்த ஆரம்பித்தது. கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் 1977-ல் இபனேஸ் கிடார்களின் அமெரிக்க விநியோகஸ்தர் மீது தலைப்பலகை வடிவத்துக்காக வழக்கே தொடுத்தது. அந்த வருடங்களின் ஜப்பானியக் கைவேலை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நெக் வந்து உட்காரும் குழியைப் பாருங்கள், ஒரு காகிதம் நுழைய இடமிருக்காது. பெயரில்லாத இந்த நகலிலும் அப்படித்தான் இருக்கிறது.

விற்றவர் கழுகுமலைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பல காலம் பேஸ் வாசித்தவர். தூத்துக்குடியில் கப்பல் வேலைக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்த கிடார் இது. இறக்குமதி வரி ஆளை விழுங்கிய அந்த நாட்களில் இப்படித்தான் ஜப்பான் கிடார்கள் நம் ஊர்ப்பக்கம் வந்தன, கப்பல்காரர்கள் வழியாகவும் சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர்கள் வழியாகவும். விலை 9,000 ரூபாய் என்று சொன்னார். நான் பேரம் பேசவில்லை. எழுந்து வரும்போது, “தம்பி, நெக்கு மட்டும் அப்பப்பக் கோவிச்சுக்கிடும். அத மட்டும் பாத்துக்கிடுங்க. மத்ததெல்லாம் தங்கம்” என்றார். இதற்குமேல் நான் எழுதுவதெல்லாம் அந்த வார்த்தைக்கு விளக்கம்தான்.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். 1976-ல் ‘அன்னக்கிளி’க்குப் பிறகு தமிழ் சினிமாப் பாட்டில் பேஸ் கிடாரின் வேலையே மாறிப்போனது. அதுவரை பெரும்பாலும் தாளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த கருவி, இளையராஜாவிடம் வந்ததும் பாட்டுக்கு எதிரே தனக்கென ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. அந்த ஒலிப்பதிவுகளில் வாசித்த சசிதரனின் விரல்களைத் தென்மாவட்ட மெல்லிசைக் குழுக்காரர்கள் அத்தனை பேரும் குருவாக வைத்திருந்தார்கள். கையில் நொட்டேஷன் கிடையாது. கேசட்டைப் போட்டுக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பேஸின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. வீட்டு டேப்ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் எழும்பவே எழும்பாது. அதனால் பெரிய ஸ்பீக்கர் வைத்த தனியார் பஸ்ஸாகப் பார்த்து ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து, ஒரே பாட்டுக்காகத் திருநெல்வேலி வரைக்கும் போய்த் திரும்புவாராம். 1990களில் கீபோர்டு வந்தது. அதன் இடதுகைப் பக்கமே பேஸையும் வாசித்துவிட்டது. குழுக்களில் முதலில் நிறுத்தப்பட்டவர் பேஸ்காரர்தான். கிடார் பரணுக்குப் போனது. ஓட்டுக்கு அடியில் பல கோடைகள் கிடந்தது.

கருவியின் விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 34 அங்குல ஸ்கேல், இரண்டு சிங்கிள் காயில் பிக்கப், இரண்டு வால்யூம், ஒரு டோன். 1960களின் தொடக்கத்திலிருந்து ஜாஸ் பேஸ் என்றால் இதுதான். எடை தோளுக்குத் தெரிகிற அளவு. நெக் மேப்பிள், விரல்பலகை ஈட்டி மரம். ஈட்டி நம் மேற்கு மலைகளின் மரம். இங்கே வெட்டிய கட்டை கப்பலேறி ஜப்பான் போய், கிடாராகி அதே கடல் வழியாகத் திரும்பி வந்திருக்கலாம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் நெக்குக்குப் போக மனம் வரவில்லை. புதுக் கிடார்களின் பேஸ், தொட்டதும் பளிச்சென்று தெறிக்கும். இதில் சுரம் அரை நொடி தயங்கினாற்போல் எழுந்து, பிறகு அகலமாக விரிந்து நிற்கிறது. ஏ கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை உள்ள இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பாடுகிறவரின் குரலுக்கு அடியில், அதை மறைக்காமல் தாங்குகிற சத்தம் அங்கே இருக்கிறது. டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கினால் 1980களின் ரெக்கார்டிங் கூடத்துக்குள் நுழைந்ததுபோல் காது நம்பிவிடுகிறது. இதற்காகத்தான் வாங்கினேன், இதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

இனி நெக். நான்கு கம்பிகளும் சேர்ந்து அதைச் சுமார் 75 கிலோ விசையில் முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதற்கு எதிராக நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். அதன் நுனியில் உள்ள நட்டை இறுக்கினால் நெக் பின்னால் நிமிரும், தளர்த்தினால் முன்னால் குழியும். முழு நேராகவும் நிறுத்தக் கூடாது. அதிரும் கம்பிக்கு இடம் வேண்டும் என்பதால் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குழிவு தேவை. கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அதற்கு பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். தனியாகக் கிடார் சாமான் எதுவும் தேவையில்லை.

பிரச்சினை நம் காற்றில் இருக்கிறது. கிடார் செய்கிறவர்கள் மரத்துக்குச் சொல்லும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். என் வீட்டு ஈரமானி சித்திரை மதியங்களில் நாற்பதுக்குக் கீழே இறங்கிவிடுகிறது, கார்த்திகையில் மழை பிடித்தால் எண்பதைத் தாண்டுகிறது. சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அது சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவி நிலைத்ததற்கு மழை குறைந்த இந்த வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம். குச்சியும் மருந்தும் உலர்வதற்கு இதைவிட வாகான காற்று கிடையாது. லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட அதே காற்றுதான் என் கிடாரின் நெக்கிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சுகிறது.

மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் சுருங்கும், உப்பும். அதிலும் மேப்பிள் ஒரு அளவு, ஈட்டி வேறொரு அளவு. இரண்டையும் பசை போட்டு ஒட்டிவைத்தால் ஈரம் மாறும்போதெல்லாம் ஒன்றை ஒன்று இழுத்து வளைக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து, ஐப்பசி மழையில் ஒன்றுமே நடக்காததுபோல் மூடிக்கொள்ளும் கரிசல் மண்ணின் கதைதான் இந்த நெக்கின் கதையும். சித்திரையில் நெக் நிமிர்ந்துகொள்கிறது, குழிவு போய்விடுகிறது, கம்பி ஃப்ரெட்டில் மோதிச் சடசடக்கிறது. கார்த்திகையில் முன்னால் குழிந்து, கம்பி மேலே ஏறி, அழுத்தும் விரல் வலிக்கிறது. எல்லா நெக்கும் இதே திசையில் வளையும் என்று சொல்ல முடியாது. இது இப்படி வளைகிறது.

வளைவதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். மரம் என்றால் அசையத்தான் செய்யும். நட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் அந்த நட்டை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நெக்கின் அடிமுனையில், உடலின் குழிக்குள், பிக்கப்புக்கும் பலகைக்கும் பின்னால் மறைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவர் நேராக நுழைய வழியே இல்லை. கால் சுற்றுத் திருப்புவதற்காக நான்கு கம்பிகளையும் தளர்த்த வேண்டும். பின்னால் உள்ள நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி நெக்கைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு கணிப்பில் திருப்பி, மறுபடி மாட்டி, கம்பி ஏற்றி, சுருதி சேர்த்து, ஓரிரவு அப்படியே வைத்திருந்து, மறுநாள் அளந்து பார்த்தால்தான் கணிப்பு சரியா என்று தெரியும். போதவில்லை என்றால் முழு வேலையும் முதலிலிருந்து.

இது ஃபெண்டரின் பழைய வடிவம். ஜப்பான்காரர்கள் நல்லதை நகல் எடுத்ததோடு இதையும் சேர்த்தே நகல் எடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் உட்கார்ந்து வரைந்தவர்களுக்கு நெக் என்பது தொழிற்சாலையில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் முடிகிற காரியமாகத் தெரிந்திருக்கும். தலைப்பக்கம் ஓட்டை இல்லாமல் அழகாக இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அந்த அழகுக்கு விலை கொடுப்பவர், வருடத்தில் இரண்டு வேறு வேறு ஈரங்களில் வாழ்கிறவர். இப்போது வரும் பேஸ்களில் நட் தலைப்பக்கம் வந்துவிட்டது. சிலவற்றில் நெக்கின் அடியிலேயே, கம்பியைத் தொடாமல் திருப்பிக்கொள்ளும்படி துளைகள் உள்ள ஒரு சக்கரம் வைக்கிறார்கள். முப்பது வருடம் முன்பே இதை எல்லோரும் செய்திருக்க வேண்டும்.

அடிக்கடி கழற்றினால் ஸ்க்ரூ ஓட்டைகள் தேய்ந்துபோகும். எனக்கு வந்தபோதே இரண்டு ஓட்டைகளில் பிடிப்பு இல்லை. சிம்பு வைத்துப் பசை ஊற்றி, காய்ந்த பிறகு புதுத் துளை போட வேண்டும். ஊருக்குள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று தீக்குச்சியை வைத்து அடைத்துவிடாதீர்கள். அது மென்மரம், கம்பியின் இழுவைக்குத் தாங்காது. மரவேலைப் பட்டறையில் கேட்டால் தேக்குச் சிம்பு கொடுப்பார்கள். நெக்கை முழுவதும் கழற்றாமல் தப்பிக்கவும் ஒரு வழி இருக்கிறது. கம்பியை நன்றாகத் தளர்த்தி, தலைப்பக்கம் பார்த்த இரண்டு ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, அடிப்பக்கத்து இரண்டையும் பாதி தளர்த்தினால், நெக் லேசாகச் சாய்ந்து நட் வெளியே தலைகாட்டும். குட்டையான ஸ்க்ரூடிரைவர் ஒன்று நுழையும். விற்றவரே போனில் சொல்லிக்கொடுத்த முறை இது. பாதி நேரம் மிச்சம்.

கோடையில் மரத்தின் அகலம் குறைகிறது, ஃப்ரெட் கம்பியின் நீளம் குறைவதில்லை. ஆகவே சித்திரை பிறந்ததும் ஃப்ரெட் நுனிகள் நெக்கின் ஓரத்தில் துருத்திக்கொண்டு, மேலும் கீழும் ஓடும் இடதுகையைக் கீறுகின்றன. இதற்குக் கோவில்பட்டியில் ஆள் தேட வேண்டியதில்லை. நகைப் பட்டறையில் வேலை செய்யும் ஆசாரியிடம் இருக்கும் பொடி அரமும், அதைப் பிடிக்கும் அவர் கையும் எந்தக் கிடார் கடையிலும் கிடைக்காதவை. மரத்தின் மேல் அரம் படாமல் எண்பது வருடப் பழக்கம் உள்ளவர்போல் ஒவ்வொரு நுனியையும் உருட்டிக் கொடுத்தார், வயது முப்பதுகூட இருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த வேலையை வறண்ட மாதத்தில் செய்யுங்கள். மழைக்காலத்தில் அராவினால் அடுத்த கோடையில் மறுபடி துருத்தும். கோடையில் அராவினால் பிறகு எப்போதும் துருத்தாது.

மரத்தின் ஈரத்தைப் பற்றிய அறிவு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கோவில்பட்டியைத் தன் ஊராக்கிக்கொண்டு, 1964-ல் மறையும்வரை இங்கே வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்ட காதுகள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. நாகஸ்வரம் கடைகிற நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பச்சை மரத்தைத் தொடுவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் ஆச்சா மரத்து உத்திரங்களைத் தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறைக் கோடையையும் மழையையும் பார்த்து, அசைந்து முடித்துவிட்ட மரம் அது. சீவாளியோ நேர்மாறு, வாசிப்பதற்கு முன் வாயில் வைத்து ஈரமாக்கினால்தான் பேசும். ஒரே கருவியில் ஒரு பகுதி உலர்ந்து முடிந்திருக்க வேண்டும், இன்னொரு பகுதி நனைந்தே இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து வைத்தவர்களின் கண்ணோடு பார்த்தால், என் கிடாரின் நெக் இன்னும் அசைந்து முடிக்கவில்லை.

அதனால் இப்போது கிடாரைச் சுவரில் மாட்டுவதில்லை. பெட்டிக்குள்தான் வைக்கிறேன். சித்திரை, வைகாசியில் துளை போட்ட சோப்பு டப்பாவுக்குள் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு ஒன்று நெக் பக்கத்தில் இருக்கும். ஐப்பசியில் அதை எடுத்துவிட்டுச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுகிறேன். ஆடிக் காற்றில் கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகள் சுழலும்போது இங்கே புழுதி பறக்கும். அந்தப் புழுதி வால்யூம் குமிழுக்குள் போனால் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும், பெட்டி அதற்கும் காவல். நெக் முழுதாக அடங்கிவிடவில்லை. ஆனாலும் மாதாமாதம் திருப்பிய நட்டைப் பருவத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடலாம் என்று தோன்றுகிறது.

பிக்கப் கதை இதற்கு நேர் எதிர், முழுச் சந்தோஷம். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் வாங்கும்போதே செத்திருந்தது. பழைய பேஸ் பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். உயிருள்ள பிக்கப் ஏழெட்டு கிலோ ஓம் காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. உள்ளே சுற்றியிருக்கும் தாமிரக் கம்பியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எங்கோ ஒரு புள்ளியில் பச்சை பிடித்து அறுந்தால் மொத்தச் சுருளும் போச்சு. கோவில்பட்டியில் கிடார் ரிப்பேர் கடை இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடைகள் இருக்கின்றன. இந்த மண்ணில் கிணற்று மோட்டார் எரியாத வருடமே கிடையாது என்பதால் தேர்ந்த கைகள் அவை.

நான் போன கடைக்காரர் பிக்கப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கை பட்டாலே அத்துப் போகுமே அண்ணாச்சி. எத்தன சுத்து?” சில ஆயிரம் இருக்கும் என்றேன். பயப்படவில்லை. நல்லதாக இருந்த இன்னொரு பிக்கப்பின் ஓமை அளந்து எழுதிக்கொண்டார். 46 கேஜ் கம்பி மதுரையிலிருந்து வந்தது. சுற்ற உட்கார்ந்தவர், தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டார்: “எந்தப் பக்கமாச் சுத்தணும்?”

அந்தக் கேள்வியின் அருமையைச் சொல்ல வேண்டுமானால் இரைச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கிள் காயில் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டும் பிடிப்பதில்லை. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடிக்கும். கிடாரை வாங்கி மாட்டிய அன்றே, மற்ற எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது இதுதான். பேஸின் கீழ்க்கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஒருமுறை ஓங்கி அடங்கும் ஒரு அலை பிறக்கிறது. நீட்டி வாசிக்க வேண்டிய சுரம் தள்ளாடுகிறது. மேலே திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ், ரீங்காரத்தின் இரட்டிப்பு 100, அங்கே நொடிக்கு இருமுறை. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அது ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவில் எங்கோ விழுகிறது. ஜி-யை ஆதாரமாக வைத்த பாட்டை இரைச்சலோடு வாசிக்கும் வேதனை நம் ஊர்க்காரர்களுக்குத்தான் அதிகம்.

இதற்கு மருந்து, இரண்டு பிக்கப்புகளையும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, ஒன்றின் காந்தத்தையும் தலைகீழாக வைப்பது. இரண்டிலும் வரும் ரீங்காரம் எதிரெதிரே மோதி அழியும், கம்பியின் சத்தம் மட்டும் கூடும். நல்ல ஜாஸ் பேஸ்களில் இப்படித்தான் இருக்கும். இந்த நகலில் இரண்டையும் ஒரே திசையில் சுற்றிவிட்டிருந்தார்கள். மோட்டார் கட்டுகிறவருக்குச் சுற்றும் திசை மாறினால் எல்லாமே மாறும் என்பது ரத்தத்தில் ஊறிய விஷயம், அதனால்தான் கேட்டார். எதிர்ப்பக்கம் சுற்றச் சொன்னேன். அடியில் இருந்தது செராமிக் பட்டைக் காந்தம், கழற்றித் திருப்பி வைத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து இரண்டு வால்யூமையும் முழுவதும் திறந்தபோது ஸ்பீக்கரில் அப்படி ஒரு அமைதி. ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் ரீங்காரம் திரும்பும். நான் குறைப்பதே இல்லை. ஐம்பது வருடப் பழைய கருவியின் பிறவிக்குறை ஒன்று, கிணற்று மோட்டார் கட்டுகிற ஒருவர் கேட்ட ஒரு கேள்வியில் தீர்ந்துபோனது. இந்தக் கிடாரில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய மகிழ்ச்சி இதுதான்.

மேடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. பேஸின் நான்கு கம்பிகளும் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. எர்த் சரியில்லாத மேடையில் கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். கரிசலில் எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுக் கம்பி இறக்கினாலும், கோடையில் மண் சுருங்கிக் கம்பியை விட்டு விலகிவிடுகிறது. செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவிலிருந்து கிராமத்துப் பொங்கல்கள் வரை நம் கச்சேரிகள் பெரும்பாலும் அந்த வறண்ட மாதங்களில்தான் வருகின்றன. மேடை போட்டதும் எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். டெஸ்டர் வைத்து மைக்கையும் கம்பியையும் பார்த்த பிறகே கிடாரைத் தோளில் மாட்டுங்கள். ஒலிபெருக்கிக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கம்பி வாங்க மதுரையோ திருநெல்வேலியோ போக வேண்டும், அல்லது ஆன்லைன்தான். பழைய குழுக்காரர்கள் புதுக்கம்பிக்குக் காசில்லாதபோது பழசைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, துடைத்துக் காயவைத்து மாட்டுவார்கள். சுருளுக்குள் ஏறிய வியர்வையும் அழுக்கும் கரைந்து, சில நாட்களுக்குப் பழைய பளபளப்பு திரும்பும். செய்து பார்த்தேன், உண்மைதான். இந்தக் கிடாருக்கு என் சிபாரிசு தட்டையாகச் சுற்றிய கம்பி. விலை அதிகம், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும், ஃப்ரெட்டையும் தேய்க்காது. மேலே சொன்ன அந்தக் குரலுக்கு அடியில் நிற்கும் சத்தம் இந்தக் கம்பியில்தான் முழுதாக வருகிறது.

வாங்கியதற்கு மேல் இதுவரை செலவழித்ததையும் சேர்த்தால், நட் தலைப்பக்கம் உள்ள ஒரு புது யமஹாவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சர்ச்சில் ஞாயிறுதோறும் வாசிக்க ஒரு பேஸ் வேண்டும், அதற்குமேல் அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்பவர் புதியதையே வாங்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாசரேத், சாயர்புரம் பக்கம் பாடகர் குழுக்களில் வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கும் அதையே சொல்வேன். 1980களின் பாட்டுகளை அந்தச் சத்தத்தோடேயே வாசிக்க ஆசைப்படுகிறவர்கள், கையில் ஃபீலர் கேஜ் பிடிக்கத் தயங்காதவர்கள், பரணில் கிடக்கும் இதுபோன்ற ஜப்பான் கிடார்களைத் தேடிப் போகலாம். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்தில் பழைய மெல்லிசைக் குழுக்காரர்கள் வீடுகளில் இன்னும் சில இருக்கின்றன. நெக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைவை ட்ரஸ் ராட் சரிசெய்யும், முறுக்கை எதுவும் சரிசெய்யாது. நட்டின் வாய் தேய்ந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிக்கப் செத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

காயில் கடைக்காரர் இப்போது கிடார் பிக்கப்புகளைத் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறார். மோட்டார் அவசரம் குறைந்திருக்கும் மழை மாதங்களில் போனால் சீக்கிரம் கிடைக்கும். சுற்றுக்கூலி 600 ரூபாய், கம்பி நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். இன்னொரு பிக்கப் நன்றாக இருந்தால் அதையும் கழற்றி எடுத்துப் போங்கள், அதை அளந்துதான் சுற்றுவார்.